கறுப்பு ஷாஃப்ட்

அப்துல் ரவூபுக்குக் காது இரண்டுதான் என்று சொன்னால் தாராவியில் யாரும் நம்பமாட்டார்கள். தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய மாடி அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து கிடப்பார். கீழே ஒரு லாரி போகும். கண்ணைத் திறக்காமலே, "பின் ஜாயிண்ட்ல கிராஸ் தேஞ்சிட்டு. சயான் பாலம் ஏறாது" என்பார். லாரி பாலத்துக்குக் கீழேயே நின்றுவிடும். ஒருமுறை அப்படி நின்ற லாரிக்காரன் ஆளை விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்து, நீ சொன்னதால்தான் நின்றது, நீயே வந்து கிளப்பு என்று சண்டை பிடித்தான். ரவூப் ஒரு சுத்தியலோடு போய் ஒரே தட்டில் கிளப்பிவிட்டார். அந்த லாரி நாக்பூர் போகும்வரை நிற்கவில்லை. டிரைவர் நிறுத்த முயன்றும் நிற்கவில்லை.

குர்லாவில் பழைய இரும்புக் கடைகளுக்கு நடுவே அவர் பட்டறை. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளக் குழாயைத்தான் ஷாஃப்ட் என்பது. அதைப் பழுது பார்த்து, ஆட்டமில்லாமல் சமன்படுத்திக் கொடுப்பது அவர் வேலை. ஷாஃப்டை மிஷினில் ஏற்றிச் சுற்றவிடுவார். சாக்குக்கட்டியைப் பக்கத்தில் கொண்டுபோவார். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் வந்து சாக்கில் உரசும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறு தகட்டை வைத்து இரண்டு பொட்டு வெல்டிங். மறுபடி சுற்று. ஆட்டம் நின்றால் முடிந்தது. மேலப்பாளையத்திலிருந்து மீசை முளைக்காமல் வந்த நாளிலிருந்து இப்போது தாடி வெளுத்த நாள்வரைக்கும் இதே சாக்கு, இதே தகடு, இதே இரண்டு பொட்டு. தூக்கத்திலும் அவர் வலதுகை பொட்டு வைக்கும் என்று மனைவி சைனப் சொல்வாள். கொசுவலையில் ஓட்டை விழுந்ததற்கு அதுதான் காரணம் என்பது அவள் கட்சி.

மருமகன் உஸாமா செம்பூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டிக்கொண்டிருந்தான். வாங்கவில்லை. வீடு கட்டுவதுபோலக் கட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். பகலெல்லாம் அடுத்தவரை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து தான் தரையோடு தரையாகப் போவதற்கு ஒரு வண்டி செய்தான். குழாய்ச் சட்டம் அவனே வெட்டி ஒட்டியது. எஞ்சின், விபத்தில் மூஞ்சி போன ஒரு காருடையது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. தெருப் பூனைகள் அதைக் கடக்கும்போது குதிப்பதில்லை. காலை எடுத்துவைத்து நடந்துபோகும். கட்டி முடித்த பிறகுதான் சந்தின் அகலத்தைவிடக் கார் அகலம் என்று தெரிந்தது. எதிர்வீட்டுப் பெரியநாயகம் தன் வாசற்படியை இடிக்கச் சம்மதித்தார். அன்றுமுதல் அவர் வீட்டுக்குள் போவது ஜன்னல் வழியாகத்தான். அதுவே வசதி என்கிறார்.

காரில் பாதி, ரவூபின் மகள் சாதியா செய்தது. வயரிங் பூராவும் அவள் கை. ஆகவே பக்கத்து இருக்கை அவளுக்கு என்பது கல்யாண ஒப்பந்தம்போலத் தீர்மானமாகியிருந்தது.

சண்டை ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து மாமனாரும் மருமகனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சைனப் நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்திருந்தாள். உஸாமா எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:

"மாமா, ஷாஃப்ட் கார்பன்ல போடப்போறேன்."

ரவூபின் கை சோற்றிலேயே நின்றது. "கார்பன்னா? பென்சிலுக்குள்ள இருக்கே அதுவா?"

"அரே மாமா! கார்பன் ஃபைபர். பிளேன்ல போடுறாங்க, ராக்கெட்ல போடுறாங்க. ஸ்டீல்னா ரெண்டு துண்டாப் போட்டு நடுவுல பேரிங் குடுக்கணும். இதுல ஒரே துண்டு. பாதி வெயிட்கூட வராது. மிதிச்சா சட்டுனு சுத்தும்."

"அதாவது துணி. துணியும் பசையும்."

"துணிதான். ஆனா ஸ்டீலவிட ஸ்ட்ராங்."

"மருமவனே, வெயிட்ட எங்க கொறைக்கணும்னு ஒரு எடம் இருக்குல்லா. ஷாஃப்ட் மெலிசு. அதுக்க கனமெல்லாம் நடுவுலேயே கெடக்கு. அதச் சுத்த எஞ்சினுக்கு என்ன பாடு? சக்கரத்தப் பாரு. அகலிச்சி நிக்கி. அதுல கொஞ்சம் கொறச்சாப் போதும்."

"சக்கரம் எல்லாம் அலாய் மாத்தியாச்சு மாமா."

"அப்ப நீ கொற. ரெண்டு மாசம் இந்தத் தால்ச்சாவ விடு. ஷாஃப்ட்ல மிச்சம் புடிக்கதவிட ஜாஸ்தி வரும்."

"புள்ள திங்கதக் கண்ணு வைக்காதிய" என்று சைனப் இன்னொரு எலும்பை உஸாமாவின் தட்டில் போட்டாள்.

உஸாமா சிரிக்கவில்லை. "வெயிட் மட்டும் இல்ல மாமா. ஸ்டீல் ஷாஃப்ட் ஓடும்போது ஒடைஞ்சா என்ன ஆகும்? நீங்களே எத்தனைவாட்டி சொல்லியிருக்கீங்க. நம்ம கார்ல அது சீட்டுக்கு நடுவுல ஓடுது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சாதியா. கார்பன் ஒடைஞ்சா தொடப்பம் மாதிரி நார் நாராப் பிரிஞ்சிரும். ஆளுக்கு ஒண்ணும் ஆவாது."

ரவூப் சொல்லியிருந்தது உண்மைதான். கஸாரா மலைப்பாதையில் தக்காளி லாரி ஒன்றின் ஷாஃப்ட் முன்பக்கம் கழன்று ரோட்டில் குத்தி நின்றது. லாரி அதை ஊன்றிக்கொண்டு, கம்பு ஊன்றித் தாண்டுகிறவனைப்போல எழும்பி, காற்றில் திரும்பி, வந்த திசையைப் பார்த்து இறங்கியது. டிரைவருக்கு நாசிக்கில் குடை மறந்துபோன ஞாபகம் வந்தது. அப்படியே போய் எடுத்துவந்தான். தக்காளி ஒன்றுகூட நசுங்கவில்லை. ரவூப் இதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. அந்த டிரைவருக்கு அன்றோடு வலதுகால் இல்லை என்பதை மட்டும் அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

"பிரியும்னு நீ பாத்தியா?" என்றார் இப்போது.

"வீடியோ பாத்தேன்."

"வீடியோல பேயும்தான் வருது."

"வாப்பா, அவருக்குத் தெரியாமலா சொல்லுவாரு?" என்றாள் சாதியா. "கணக்கெல்லாம் போட்டாச்சு. நான்தான் கூட உக்காந்து போட்டேன். லாபம் கம்மிதான், ஒத்துக்கிறோம். சேஃப்ட்டிக்காகவாவது இருக்கட்டும்."

மகள் எதிர்க்கட்சியில் உட்கார்ந்து, அதுவும் நியாயமாகப் பேசியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு குர்லா முழுக்க அவருக்கு இதே பேச்சாயிற்று. பள்ளிவாசல் படியில், டீக்கடையில், லாரிக்காரர்களிடம். என் மருமவன் சட்டைத்துணியில் ஷாஃப்ட் போடுகிறான், இஸ்திரி போட ஒரு ஆள் வேண்டும் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு ஏறிய ஒரு நாள், பட்டறை வாசலில் நாலுபேரை வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கறுப்புக் குழாய் என் மிஷின்ல ஏறிச்சோ, ஏறின மாதிரி எறங்காது பாத்துக்கோ."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

மே மாதம் முடிந்து வானம் கனத்தது. மேகம் தினமும் கடல்பக்கமிருந்து வந்து கூடும், பெய்யாது. தகரக் கூரைகளுக்குக் கீழே மனிதர்கள் வேகவைத்த கிழங்குபோல இருந்தார்கள். காக்காய்கள் பறப்பதை விட்டுவிட்டு நடந்தே போய்வந்தன. தாணேக்கு அப்பால், மூடிக்கிடக்கும் ஒரு ஆலையின் உள்ளே நீளமான நேர்ரோடு ஒன்று உண்டு. கார்ப் பைத்தியங்கள் சேர்ந்து அதை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மழைக்கு முந்தின கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே வேகம் பார்ப்பது என்று ஏற்பாடு.

அந்த வாரம் உஸாமா ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். ஒற்றைக் கையில், குடையைக் கக்கத்தில் இடுக்கியதுபோல. கறுப்புக் குழாய், மேலே பாம்புத்தோல்போல மினுக்கம். ஆண்டாப் ஹில்லில் சைக்கிள் ஃபிரேம் ஒட்டுகிற ஒரு ஆளிடம் கொடுத்து, இரண்டு முனையிலும் இரும்புக் கப்பு வைத்துப் பசையால் ஒட்டியிருந்தான்.

"மாமா, கோவம் எல்லாம் அப்புறம். பேலன்ஸ் பண்ண உங்கள விட்டா வேற ஆள் யாரு? எவன் கையிலயும் குடுக்க மனசு வரல."

ரவூப் குழாயை வாங்கினார். கை மேலே போய்விட்டது. அவர் எதிர்பார்த்த கனம் அதில் இல்லை. விரலால் தட்டினார். இரும்பைப்போலக் கணீரென்று கத்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்தியதுபோல ஒரு சத்தம். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். நேர். அவர் பட்டறையில் இத்தனை வருஷத்தில் இப்படியொரு நேர் வந்ததில்லை. மனசுக்குள் 'நல்ல சாமான்' என்று ஒரு குரல் சொன்னது. வாய், "வச்சிட்டுப் போ" என்றது.

மறுநாள் மத்தியானம் மிஷினில் ஏற்றினார். கூட வேலை செய்யும் சுடலைக்கண்ணன் பக்கத்தில் நின்றான். சீவலப்பேரிக்காரன், ரவூபிடம் சேர்ந்து தலை நரைத்தவன். மோட்டார் பிடித்தது. குழாய் சுழன்றது. சாக்குக்கட்டி போனது. கறுப்பில் வெள்ளைக் கோடு அழகாக விழுந்தது.

"பாய், இதுக்க முனை இரும்புதானா?" என்றான் சுடலைக்கண்ணன்.

"இரும்புதாம்டே. அதுக்கென்ன."

தகட்டை எடுத்தார். கண்ணாடியை இறக்கினார். பொட்டு ஒன்று. பொட்டு இரண்டு. மறுபடி சுற்றவிட்டார். ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது; மிஷின்மேல் வைத்த டீ கிளாஸில் பாலாடைகூட அசையவில்லை.

மோட்டாரை அணைத்த பிறகுதான் அந்த வாசம் வந்தது. இரும்பு சுட்ட வாசம் அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. இது வேறு. குழந்தையின் பொம்மை அடுப்பில் விழுந்தால் வருமே, அந்த வாசம். குனிந்து பார்த்தார். இரும்புக் கப்பும் கறுப்புக் குழாயும் சேர்கிற விளிம்பில் தேன்நிறத்தில் ஒரு சொட்டு துளிர்த்து நின்றது. பசை. இரும்புக்குக் கொடுத்த நெருப்பு இரும்போடு நிற்கவில்லை. உள்ளே போய், இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த பசையைத் தொட்டுவிட்டது.

கட்டைவிரலால் அந்தச் சொட்டைத் துடைத்தார். ஏன் துடைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன பாய்?" என்றான் சுடலைக்கண்ணன்.

"ஒண்ணுமில்ல. டீ சொல்லு."

சாயங்காலம் உஸாமா வந்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் அவனே மிஷினில் ஏற்றிச் சுற்றிப்பார்த்தான். டீ கிளாஸைப் பார்த்தான். ஓடிவந்து மாமனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "மாமா! நீங்க வேற லெவல். உங்களப் போயி சாதியாகிட்ட என்னென்னவோ சொல்லிட்டேன்." அவன் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஆண்பிள்ளையிடம், தம்பி, பசையை எரித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ரவூப் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய கைதான் பொட்டு வைத்த கை.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. சைனப் மீன்குழம்பை மறுபடி சூடாக்கிக்கொண்டே பார்த்தாள். இந்த மனிதர் கதை சொல்லாமல் உட்கார்ந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"என்ன, மருமவன் எதும் சொன்னானா?"

"கட்டிப்புடிச்சான்."

"அதுக்கா இப்படி இருக்கிய?"

சொன்னார். சாக்கு, தகடு, பொட்டு, வாசம், சொட்டு. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி ஒரு கதை சொல்லி சைனப் கேட்டதில்லை. பயந்துபோனாள்.

"இப்பமே போன் போட்டுச் சொல்லுங்க."

"சொன்னா நம்புவானா? ஊருபூரா நான் பேசி வச்சிருக்கது என்ன? ஏறின மாதிரி எறங்காதுன்னேன். எறங்கல. வேணும்னுதான் செஞ்சேன்னு சொல்லுவான்."

குழம்பு கொதித்தது. சைனப் அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்:

"வேணும்னு செஞ்சியளா?"

"ஏளா!"

"இல்ல, கேக்கேன். பசையில ஒட்டினதுன்னு நீங்கதான எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிச்சிய. அதுல நெருப்பு வைக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியுது. ஒங்களுக்கு அப்பம் தெரியலையா?"

கை பழக்கத்தில் போய்விட்டது என்று ரவூப் சொல்லலாம், அதுதான் உண்மை. ஆனால் தகட்டை எடுத்த நொடியை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கும்போது, அதன் ஓரத்தில் யாரோ நின்று வேடிக்கை பார்ப்பதுபோல இருந்தது. அந்த ஆள் சிரித்தானா இல்லையா என்று அவரால் சொல்லமுடியவில்லை.

சனிக்கிழமை செம்பூருக்குப் போனார். ஷாஃப்ட் காரில் ஏறியிருந்தது. சாதியா தலைத்துணிக்கு மேலே ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் நின்றபடியே சொன்னார். சொல்லி முடிக்கும்வரை உஸாமா ஒரு ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இது மூணு நாள் முன்னாடி நடந்தது" என்றான் கடைசியில். "நாளைக்கு ரன். இன்னிக்கு வந்து சொல்றீங்க."

"நீ சந்தோஷமா இருந்த. எனக்கு நாக்கு வரல."

"வெல்டு பண்ணும்போது தெரியாதா மாமா? நாப்பது வருஷ மிஸ்திரி நீங்க."

"கைப்பழக்கம்டே. கை அதும்பாட்டுக்குப் போயிட்டு."

"கை அதுபாட்டுக்குப் போச்சு. ஆனா வாய் நாலு மாசமா எங்கெல்லாம் போச்சுன்னு எனக்குத் தெரியும். ஏறின மாதிரி எறங்காதுன்னு சொன்னீங்களா இல்லியா? ஆண்டாப் ஹில் வரைக்கும் சிரிக்கிறான்."

"வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"அப்ப இதுவும் வெளையாட்டுதான். ஒண்ணும் ஆகல. என்னைய நிறுத்துறதுக்கு ஒரு கத. தக்காளி லாரி மாதிரி." ஸ்பானரைப் போட்டான். "சரி, வாங்க. டெஸ்ட் பண்ணிருவோம். ஒங்க பட்டறையிலயே."

கழற்றி எடுத்துக்கொண்டு மூன்றுபேரும் குர்லா போனார்கள். ஒரு முனையைப் பெரிய வைஸில் கவ்வவைத்தான் உஸாமா. மறுமுனையில் ஆள் உயர இரும்புப் பைப்பைச் செருகித் தொங்கினான். சுடலைக்கண்ணனையும் தொங்கச் சொன்னான். எதிர்க்கடை நெல்லையப்பன், நல்ல கனத்த ஆள், பார்க்க வந்தவர், அவரும் தொங்கினார். பசை விடவில்லை. வைஸ் பூட்டியிருந்த மேஜைதான் தரையை விட்டுக் கிளம்பியது. நெல்லையப்பன் பைப்பை விட்டு இறங்காமலே எதிரே தன் கடைக்குள் பாதிதூரம் போய்விட்டார்.

"போதுமா மாமா?"

"இது குளுந்து கெடக்கும்போது புடிக்கும்டே. ஒரு தடவ வெந்த பசை. சைலன்சர் பக்கத்துலயே ஓடுது, சூடாவும். நீ கியர் மாத்தி மாத்தி அடிக்கும்போது ஒட்டு விட்டா, நார் நாராப் பிரியாது, குழாய் முழுசாக் கழண்டு..."

"சுடலைண்ணே" என்று உஸாமா அவரை வெட்டினான். "வெல்டு வைக்கும்போது நீங்க இருந்தீங்கல்ல? மாமா தெரியாமத்தான் வச்சாங்களா?"

சுடலைக்கண்ணன் பொய் சொல்லத் தெரியாத ஜாதி. முதலாளியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "நான் கேட்டேன், முனை இரும்பான்னு. பாய் இரும்புதாம்னாவ. பெறவு ஒரு சொட்டு வந்துது. அதத் தொடச்சாவ."

உஸாமா தலையை ஆட்டிக்கொண்டான், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல.

"பாத்தியா சாதியா? ஒண்ணு, வேணும்னு செஞ்சிருக்காரு. இல்ல, ஒண்ணுமே ஆகாதத ஆச்சுன்னு சொல்றாரு. ரெண்டுல எதுன்னு நீயே கேட்டுக்கோ. ஷாஃப்ட் டெஸ்ட்ல பாஸ். நாளைக்கு ஓடும்."

"நீ போவாத புள்ள" என்றார் ரவூப் மகளிடம். "அவன் பிடிவாதம் அவனோட. நீ உக்காராத."

சாதியா ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "நான் உக்காரலன்னா, நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு நானும் நம்புறேன்னு ஆயிரும் வாப்பா" என்றாள். "போதும். விட்டுருங்க."

இப்படி ஒரு முடிச்சை ரவூப் எந்த லாரியிலும் பார்த்ததில்லை. மகள் அவரை நம்புகிறாள். அதனாலேயே போய் உட்காரப்போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு செம்பூருக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தார். பையில் ரம்பம். சந்தில் பால் பாக்கெட் போடுகிறவன்கூட இன்னும் வரவில்லை. வெளிச்சம் சாம்பல்நிறத்தில் கசிந்துகொண்டிருந்தது. மேகம் வீட்டுக் கூரைகளுக்குச் சற்று மேலே, கை நீட்டினால் தொடலாம்போல நின்றது. நீலத் தார்ப்பாயை விலக்கினார். கார் புறப்படத் தயாராக இருந்தது. துடைத்து, டேங்க் நிரப்பி, பக்கத்து இருக்கையில் ஒரு சின்னத் தலையணையும் வைத்து.

தரைக்கும் காருக்கும் நடுவே அவர் உடம்பு போகாது. உஸாமாவின் ஜாக்கி சுவரோரம் கிடந்தது. முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டுகளைத் தேடினார். அவற்றை எங்கோ உள்ளே பூட்டிவைத்திருந்தான். ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்குக் கீழே போகிறவன் முட்டாள் என்று எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். தூக்கினார். மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தார்.

ஷாஃப்ட் மூக்குக்கு நேரே இருந்தது. முனையில் அவருடைய தகடு, அவருடைய இரண்டு பொட்டு. ரம்பத்தை நடுவில் வைத்தார். பல் முதலில் வழுக்கியது, பிறகு பிடித்தது. கீச்சென்று பல்லைக் கூசவைக்கும் சத்தம். கறுப்புத் தூள் கண்ணிமையில், தாடியில், உதட்டில் விழுந்தது. பாதி அறுந்திருக்கும்போது வீட்டுக் கதவு திறந்தது.

அவருக்குத் தெரிந்தது கால்கள்தான். முதலில் உஸாமாவின் ரப்பர் செருப்பு. பின்னால் சாதியாவின் வெறுங்கால்.

செருப்பு கார்ப்பக்கம் வந்து நின்றது. ரம்பம் நின்றது.

"மாமா."

"ஆமா."

"வெளிய வாங்க."

"கொஞ்சம்தான் பாக்கி."

உஸாமா குந்தி உட்கார்ந்தான். முழங்கால் தெரிந்தது. கை தெரிந்தது. கை போய் ஜாக்கியின் கைப்பிடிமேல் உட்கார்ந்தது.

"ஜாக்கி பழசு மாமா" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் ரவூபின் முதுகெலும்பைத் தொட்டது. "லேசா கை பட்டாலே எறங்கிரும். கை அதுபாட்டுக்குப் போகும்னு நீங்கதான் சொன்னீங்க."

"உஸாமா!" என்றாள் சாதியா.

"நீ சும்மா இரு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்குறேன். வேணும்னுதானே செஞ்சீங்க?"

ரவூப் மேலே பார்த்தார். குழாய்ச் சட்டம், எஞ்சின், கியர்பெட்டி, மகளின் இருக்கை. எல்லாம் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே தொங்கின. கதை சொல்லலாம். வாழ்க்கையில் எத்தனையோ லாரியை நாக்காலேயே திருப்பி நிறுத்தியவர். இந்த ஒரு கைக்கு ஒரு கதை போதாதா? ஆனால் நாக்கில் கறுப்புத் தூள்தான் இருந்தது.

"பொட்டு வச்சது தெரியாம வச்சது" என்றார். "அத நீ நம்பாண்டாம். இந்தா, இத வேணும்னுதாம் செய்யுதேன். நல்லாப் பாத்துக்கோ."

ரம்பத்தை அறுப்பில் வைத்தார். இழுத்தார். ஜாக்கி முனகியது. கார் ஒரு நூல் அளவு இறங்கியதா, இல்லை அவர் மூச்சுதான் பெரிதாக வந்ததா தெரியவில்லை. உஸாமாவின் விரல்கள் கைப்பிடியில் வெளுத்திருந்தன. அது இறக்கப்போகிற பிடியா, இறங்காமல் தாங்குகிற பிடியா என்பதைக் கீழே கிடப்பவனால் சொல்லமுடியாது.

வெறுங்கால் இரண்டும் நகர்ந்தன. சாதியா மறுபக்கம் வந்து, தரையில் உட்கார்ந்து, மல்லாக்கப் படுத்து, முழங்கையை ஊன்றி உள்ளே நகர்ந்து வந்தாள். வாப்பாவின் தோளோடு தோள் வந்து இடித்து நின்றாள். புது நைட்டியில் கிரீஸ் ஈஷியது. அவள் கணவனைக் கூப்பிடவில்லை, வாப்பாவையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி, அறுப்பு ரம்பத்தைக் கவ்வாதபடி ஷாஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே அந்தக் கை கைப்பிடியை விட்டு எடுபடவில்லை.

"அறுங்க வாப்பா" என்றாள் சாதியா.

அவர் அறுத்தார்.